வள்ளுவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

‘உணவே மருந்து’ என்று மேடைதோறும் முழங்குவோர் கடைசியில் வந்து நிற்குமிடம் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். முடக்குவாதத்தால் விரல் மடக்க இயலாத பெண்ணிடம், மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளும் முருங்கையும் உண்ணச் சொல்வதற்கு வள்ளுவர் சாட்சியாம்! அதிகாரத்தை முழுதும் படித்தவர்கள்தாமா இவர்கள்?

அளவறிந்து உண்பவனுக்கு மருந்து வேண்டாம் என்பது நோய் அணுகாமல் காக்கும் நெறி. நோய் வந்தபின் செய்யவேண்டியதை இறுதி மூன்று குறள்கள் கூறுகின்றன: காரணம் ஆராய்தல், நோயின் அளவையும் காலத்தையும் கருதுதல், மருத்துவனையும் மருந்தையும் சிகிச்சையின் உறுப்புகளாக எண்ணுதல். அந்தக் ‘காலம்’ என்ற சொல் இவர்கள் கண்ணில் படுவதேயில்லை. உடலின் காப்புப்படையே மூட்டுச் சவ்வைத் தாக்கும் இந்நோயில், அரிக்கப்பட்ட எலும்பு பெரும்பாலும் பழையபடி மீள்வதில்லை. பத்தியத்தை மட்டும் நம்பிக் கழித்த ஆண்டு, இழந்த ஆண்டே.

உணவை நான் இகழவில்லை. சீலியாக் நோய்க்குக் கோதுமை, பார்லி போன்றவற்றை அறவே விலக்குவதே சிகிச்சை. டச்சு மருத்துவர் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை நிறுவினார். மெத்தோட்ரெக்சேட் உண்போருக்கு ஃபோலிக் அமிலம் எழுதித் தருபவரும் மருத்துவரே. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்தாண்டுகள் வைட்டமின் டி உண்டவர்களிடம் தன்னுடல் தாக்குநோய்கள் 22 விழுக்காடு குறைவாகத் தோன்றின. குறைந்தது தோற்றம்; தோன்றிய நோய் தீர்ந்ததென்று அவ்வாய்வு சொல்லவில்லை. கூந்தலுக்கென விற்கப்படும் பயோட்டினோ, அளவு மிகுந்தால் தைராய்டுப் பரிசோதனை முடிவையே பிறழச் செய்யும்.

பத்தியம் மருந்துக்குத் துணை, மாற்றன்று. மறுப்பவர்கள் தம் சொந்தப் பெயரால் மறுக்கட்டும், வள்ளுவரை விட்டுவிடட்டும்.