இரண்டு போத்தல் தண்ணீர்



பிங்கா ஓயா பெருகி அக்குறணை பஸாருக்குள் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் சேற்றைக் கழுவிக்கொண்டே நாம் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் மேலேயிருந்து வார அழுக்கு." அப்படிச் சொல்ல நம் கையில் என்ன கணக்கு இருக்கிறது?

தண்ணீரைப் பரிசோதிப்பதென்றால் பாலத்தடியில் ஒரு போத்தல் நிரப்பி அனுப்புவது என்று நினைக்கிறோம். அந்த ஒரு போத்தல் தண்ணீர் கெட்டிருப்பதைச் சொல்லும். எங்கே கெட்டது என்று சொல்லாது. அதற்குக் குறைந்தது இரண்டு போத்தல் வேண்டும். ஊருக்குள் நுழையுமுன் ஒன்று, ஊரைத் தாண்டியதும் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம்முடையது.

பிறகு இடத்தைத் தேடலாம். வழியில் எட்டுக் கான்கள் ஓயாவில் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எட்டையும் பரிசோதிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு மாதிரி எடுங்கள். அங்கேயே கெட்டிருந்தால் பிழை மேல் பாதியில், இல்லையென்றால் கீழ்ப் பாதியில். அந்தப் பாதியை மீண்டும் இரண்டாகப் பிரியுங்கள். பிழை ஒரே கானில் என்றால் மூன்று போத்தலில் பிடித்துவிடலாம். 1971இல் ஷார்ப் என்ற ஆய்வாளர் ஆறுகளுக்கு முன்வைத்த முறையின் அடிப்படையும் இப்படிப் பாதி பாதியாகப் பிரிப்பதுதான்.

ஆனால் சில ஒழுங்குகள் உண்டு. கான் விழும் இடத்திலேயே அள்ளக்கூடாது. அந்தத் தண்ணீர் கொஞ்சத் தூரம் ஒரு கரையோடுதான் ஓடும், நன்றாகக் கலந்த பிறகே எடுக்க வேண்டும். எப்போதும் ஒரே இடம், ஒரே நேரம். கரைந்த ஒட்சிசன் விடியுமுன் குறைந்து பகலில் கூடும், நேரம் மாறினால் ஒப்பிட முடியாது. மழை நாளையும் வெயில் நாளையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

இந்த ஒட்சிசன் அளவீடு நம் உயர்தர இரசாயனவியல் மாணவர்களின் செய்முறையிலேயே இருக்கிறது. பக்டீரியாவுக்கு மட்டும் ஆய்வுகூடம் வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் போட்டால் போதும்.

இது நம் ஊரோடு முடிகிற கதையுமல்ல. நம் ஓயா மகாவலியில் கலக்கிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் அந்தத் தண்ணீர் கலாவெவ வரை போகிறது. அங்குள்ளவர்களுக்கு "மேலே இருப்பவர்கள்" நாம்தான்.

கஷ்டம் போத்தலில் இல்லை. பாதி பாதியாகத் தேடிப்போய், கடைசியில் அது நம் மச்சானின் கோழிக்கடைக் கானிலோ, நம் வீட்டு மலசலகூடக் குழியிலோ போய் நின்றால்? அந்த முடிவையும் அதே பலகையில் போடுவோமா?

போடுவோம் என்றால் அடுத்த மாதமே தொடங்கலாம். இல்லையென்றால், மேலே உள்ளவர்களைக் குறை சொல்வதையாவது நிறுத்துவோம்.