இல்லமும் திரையும்: சின்னஞ்சிறு கார்களும் ஒரு தாயாரின் கேள்வியும்



தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு தாயார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, யூடியூபில் ரிமோட் கார்ப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். “அவற்றில் ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ஆயினும் என் மனத்துக்கு நிம்மதியில்லை. தடுப்பதா, விடுவதா?” என்று கேட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், இக்கேள்வி நம்மைச் சற்றுத் திணற அடித்தது. ஆபாசப் படம் என்றால் கண்டித்து எழுத நமக்கு எழுதுகோலும் தயார், சொற்களும் தயார். ஆனால் ஓர் அடி நீளமுள்ள கார் சேற்றில் உருண்டோடுவதைப் பார்ப்பது குற்றமா? பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆகவே நான்கு வாரங்கள், மாலை வேளைகளில், இப்படங்களைப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். நம் தங்கையின் பேரன், பதின்மூன்று வயதினன், வழிகாட்டியாக அருகில் அமர்ந்தான். முதல் நாளே, “தாத்தா, இதைப் பொம்மை என்று சொல்லாதீர்கள், மாடல் என்று சொல்லுங்கள்” என்று நம்மைத் திருத்தினான். திருந்தினோம்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. திருவிழாக் கடையில் விற்கும் ரிமோட் கார் வேறு, இவை வேறு. இவற்றுள் பல பெட்டிக்குள் தனித்தனி உறுப்புகளாக வருகின்றன. வாங்கியவன்தான் திருகாணி ஒவ்வொன்றையும் முடுக்கி, பற்சக்கரங்களைப் பொருத்தி, அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் ஊற்றி வண்டியை உருவாக்க வேண்டும். உண்மையான காரில் பத்தில் ஒரு பங்கு அளவு என்பது பெருவழக்கு. இத்தாலியின் எல்-ஜி என்ற நிறுவனம் 1966இல் ஒரு ஃபெராரி மாதிரியை வானொலி அலையால் ஓடும்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1976இல், ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் போர்ஷே 934 காரின் மாதிரியை வெளியிட்டது. அந்த மாதிரி மெய்யான காரைப் போலவே அமையவேண்டுமென்று, டாமியாவினர் ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்களாம்! அவ்வேலையை முன்னின்று நடத்திய ஷுன்சாகு டாமியா 2025இல் காலமானார். 1946இல் அவருடைய தந்தையார் இந்நிறுவனத்தைத் தொடங்கியபோது அது ஒரு மர அறுவைத் தொழில் என்பது இன்னொரு வியப்பு.

இனி, நாம் பார்த்தவற்றில் நம் மனத்துக்கு உகந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலிடம் வண்டி கட்டும் படங்களுக்கு. டாமியா நிறுவனமே ஒரு சேனல் நடத்துகிறது. அதனினும் நமக்குப் பிடித்தவை, அந்நிறுவனத்தின் பழைய வண்டிகளைத் தனி மனிதர்கள் தம் வீட்டு மேசையில் வைத்துக் கட்டிக் காட்டும் படங்கள். ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ என்று 1984இல் வெளிவந்த இரு வண்டிகளை டாமியா மீண்டும் தயாரித்து விற்கிறது. சிறுவயதில் ஆசைப்பட்டும் வாங்க முடியாமற் போனவர்கள், இன்று தலை நரைத்தபின் தம் பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றைக் கட்டுகிறார்கள். ஒரு படத்தில் ஒருவர் எல்லாம் முடிந்தபின் மேசையில் ஒரே ஒரு திருகாணி மிஞ்சியிருப்பதைக் காண்கிறார். ஒரு கணம் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவாரோ என்று எண்ணினோம். இல்லை. பெருமூச்சு விட்டு, பின்பகுதி முழுவதையும் பிரித்து, அத்திருகாணிக்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்தார். அப்பகுதியை அவர் வெட்டி எறியவுமில்லை. தன் தவற்றை உலகமெல்லாம் பார்க்கும்படி விட்டு வைத்த அம்மனிதர் மீது நமக்குப் பெரும் மரியாதை பிறந்தது.

இவ்வகைப் படங்களில் பிள்ளைகள் கற்பதும் கொஞ்சமல்ல. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டினால் ஒன்று தரையில் இழுபடும். ஆகவே இடையில் சில பற்சக்கரங்களை வைத்து, இரண்டுக்கும் வேக வேறுபாட்டை அனுமதிக்கிறார்கள். டிஃபரென்ஷியல் என்று லாரிப் பட்டறையில் நாம் கேட்டிருக்கும் சொல்லின் பொருள், நம் அறுபத்தெட்டாம் வயதில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பாவைப் பார்த்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. தங்கை பேரனுக்கு அது முன்பே தெரியும்.

அடுத்து, கனடா நாட்டின் ‘ஆர்சி ஸ்பார்க்ஸ் ஸ்டுடியோ’. பனியிலும் சேற்றிலும் சிறு டிரக்குகள் ஊர்ந்து செல்லும். ஒன்று புதைந்துவிட்டால் மற்றொன்று கயிறு கட்டி இழுக்கும். மண் தோண்டும் பொறியும் சிற்றுருவில் வந்து வேலை செய்யும். இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. ஒரு கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை முதலில் ஏற்றுவது என்று நிதானமாக எண்ணிப் பார்க்கிறார்கள். வேகமே வேண்டுமென்போருக்கும் ஒரு செய்தி உண்டு: 2014இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மின்கலத்தால் ஓடும் மாதிரிக் கார் ஒன்று மணிக்கு 325.12 கி.மீ. வேகம் ஓடிக் கின்னஸ் பதிவில் இடம் பெற்றது. அது பல ஆண்டு உழைப்பின் பயன். ஆனால் அதைப் பார்த்துப் பொதுச் சாலையில், வண்டிகள் போகும் இடத்தில், தம் காரை ஓட்டிப் படமெடுக்கும் சிலரையும் கண்டோம். அவற்றை ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை.

நமக்குப் பிடிக்காதவற்றைச் சொல்லும்போது பெயர்களைத் தவிர்க்கிறோம். பெயர் சொன்னால் அதுவே ஒரு விளம்பரமாகிவிடும்.

உடைப்பதற்கென்றே நடத்தப்படும் சேனல்கள் இருக்கின்றன. பெரிய காரை மாடியிலிருந்து பாய்ச்சுவது, சரிவுப் பலகையில் ஏற்றி வானத்தில் எறிவது, சிதறிய உறுப்புகளை அள்ளி எடுத்துச் சிரிப்பது. ஓரிரு முறை நாமும் சிரித்தோம், ஒப்புக்கொள்கிறோம். மூன்றாம் நாள்தான் ஒன்று உறைத்தது. அந்த வண்டிகளிற் பெரியவை அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகின்றன. உடைந்த மறுவாரமே அதே மனிதர் புதிய வண்டியோடு நிற்கிறார். எப்படி? விற்பவர்கள் பலருக்கு வண்டியை இலவசமாகவே அனுப்புகிறார்கள். உடைவதைக் கோடிக் கண்கள் பார்ப்பதே அவர்களுக்கு இலாபம். படத்தின் தொடக்கத்தில் ‘கட்டண விளம்பரம் அடங்கியது’ என்ற பொருள்பட ஒரு சிறு வரி தோன்றி மறைவதுண்டு. நம் நாட்டிலும் விளம்பரத் தர மன்றம், இத்தகைய படங்களில் விளம்பரம் என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டுமென்று 2021இல் நெறிமுறை வகுத்தது. ஆனால் எந்தப் பிள்ளை அவ்வரியைப் படிக்கிறது?

நம் வீட்டுப் பையனின் கணக்கு வேறு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரியை நம் அரசு 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது. அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே உடைப்பது, இங்கே ஒரு தந்தையின் பல மாதச் சம்பளம். தங்கை பேரனிடம், “இந்தக் காருக்கு யார் பணம் கொடுத்தார்கள்?” என்று கேட்டோம். அவன் அதுவரை அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. பிறகு ஒவ்வொரு படத்திலும் அவனே அந்தச் சிறு வரியைத் தேடத் தொடங்கினான்.

பெட்டியைத் திறந்து காட்டுவதோடு முடியும் படங்கள் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. உறை கிழிகிறது, வண்டி பளபளக்கிறது, அடுத்த பெட்டி வருகிறது. பேச்சே இல்லாமல் வண்ண வண்ணக் கார்கள் ஓடிக்கொண்டேயிருக்கும் குழந்தைப் படங்களும் அவ்வாறே. மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறூட்டும்போது தாய்மார்கள் எடுத்துக் கொடுப்பவை இவைதாம். குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டிய வழக்கில், 2019இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த அமெரிக்காவில் உடன்பட்டன என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

நம்மை உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இக்கார்களில் இன்று பெரும்பாலும் பயன்படுவது லித்தியம் பாலிமர் மின்கலம். சிறியது, இலேசானது, ஆற்றல் மிகுந்தது. ஆனால் அதனுள் இருக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினாலும் அது கெட்டுவிடும். மோதலில் நசுங்கினாலும் துளைபட்டாலும் ஆபத்து. உப்பிய மின்கலத்தை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. மேற்சொன்ன உடைக்கும் சேனல்களில் மாடியிலிருந்து விழுந்த வண்டியின் மின்கலம் என்ன ஆயிற்று என்று நாம் பார்த்த எதிலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் சென்ற ஆண்டு நடந்தது இது. பையன் தன் சேமிப்பில் யாரோ பயன்படுத்திய காரொன்றை வாங்கினான். படத்தில் பார்த்தபடியே மொட்டை மாடிச் சுவரிலிருந்து அதைப் பாய்ச்சினான். மின்கலம் சற்றே உப்பியது. அவன் அதைப் பொருட்படுத்தாமல், இரவு மெத்தையின் மேலேயே வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் உறங்கிவிட்டான். நள்ளிரவில் பாட்டியம்மாள் செபமாலையோடு விழித்திருந்ததால் நாற்றத்தை உணர்ந்தார். அவர் பையனை இழுத்துக்கொண்டு வெளியே வர, தந்தை மின்சாரத்தை நிறுத்தி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை வாளி வாளியாக வாரிக் கொட்டினார். மெத்தையும் சன்னல் திரையும் போயின. உயிர்கள் பிழைத்தன. அப்பையன் அதன்பின் பல வாரங்கள் சரியாக உறங்கவில்லை என்று அவன் தாயார் சொன்னபோது நமக்கும் மனம் கனத்தது.

ஆகவே வீட்டில் இத்தகைய வண்டி இருக்குமானால், லித்தியம் பாலிமருக்கென்றே உரிய சார்ஜரையே பயன்படுத்துங்கள். கட்டில், சோபா, மர மேசை வேண்டாம், சிமெண்டுத் தரையில் வைத்து, ஒருவர் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். நாட்கணக்கில் ஓட்டாதபோது முழுமையாக ஏற்றி வைக்காமல், ஓர் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். கெட்டதைக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். இவ்வளவையும் பொறுமையாக விளக்கிய சேனல்களும் உண்டு. அவற்றைப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி வெளியிட்ட ஆணையில், இல்லத்துக்குள் எது நுழைகிறது என்பதைக் கவனிப்பது பெற்றோரின் கடமை என்று கூறப்பட்டிருக்கிறது. வாசற்படியில் நின்று தடுப்பது மட்டுமே கவனிப்பு என்று நாம் கருதவில்லை. அம்மா, மாலையில் அரை மணி நேரம் அவனருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். உடைக்கும் படத்தையும் கட்டும் படத்தையும் ஒரே நாளில் பார்த்தால் பையனுக்கே வேறுபாடு தெரிந்துவிடும். இரண்டு மணி நேரம் என்பது மட்டும் நமக்கு மிகுதியாகத் தோன்றுகிறது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், கணினியில் வல்லவராயிருந்தும், விளையாட்டுக்கென்று வாரத்துக்கு ஒரு மணி நேரமே ஒதுக்கினார். உங்கள் மகனிடம் அவ்வளவு கேட்க வேண்டாம். இரண்டை ஒன்றாக்கினால் போதும்.

இவ்வாறே அவருக்குத் தனியே பதிலும் எழுதினோம். சென்ற வாரம் மறுமொழி வந்தது. மகனோடு அமர்ந்து பார்த்தாராம். மோட்டார் ஒன்றைப் பிரித்து, உள்ளே தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை மாற்றும் படம் ஒன்று ஓடியதாம். பையன் திடீரென்று எழுந்து அடுக்களைக்குப் போய், ஆறு மாதமாகப் பரணில் கிடந்த மிக்சியை இறக்கினானாம். அதன் மோட்டாரிலும் அதே பிரஷ் இருந்ததாம்! கடைத்தெருவில் சில ரூபாய்க்கு ஒரு சோடி வாங்கி வந்து, தந்தை பக்கத்தில் நிற்க, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மாற்றினானாம். மிக்சி இப்போது ஓடுகிறது. சட்னி ஜாரின் மூடியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.