மாரிக்குத் தீனி எங்கே?

மட்டக்களப்பிலே பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயல்வெளி மாடுகளுக்கு மூடப்பட்டுவிடுகின்றது. பட்டிகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்வதே பண்ணையாளர் வழக்கம். அறுவடை முடியும்வரை அங்கேதான் தீனி. அந்நிலத்தில் வெளிமாவட்டத்தார் புகுந்து பயிர்செய்வதை எதிர்த்தே 2023 செப்டம்பரில் அவர்கள் வீதிக்கு வந்தனர்.

தீனியை விலைக்கு வாங்கலாமே என்போர் உளர். கணக்கைப் பார்க்கட்டும்! நாட்டுப்பசு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பாலே தரும். கன்று குடித்தபின் எஞ்சுவது அதிலுங் குறைவு. அந்தப் பாற்காசு புண்ணாக்குக்கும் தவிட்டுக்குமே போதாது. காசில்லாப் புல் கிடைத்தாலன்றிப் பட்டிக்காரனுக்கு இலாபமென்பதில்லை.

2022 டிசெம்பரிற் குளிர்காற்று வீசியபோது வடக்கிலும் கிழக்கிலும் 1,000க்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. பழியைக் குளிரின்மேற் போட்டனர். வயிறு நிறைந்த மாடு அவ்வளவு எளிதில் விறைத்துச் சாகுமா?

நம்மவர்மீதும் குறையுண்டு. சூடடித்த வைக்கோலை வயலிலேயே கொளுத்துகின்றோம். அதைப் போராக்கி வைத்தாற் கறவைப் பசுக்களையாவது மாரியிற் காப்பாற்றலாம். ஆயின் நூற்றுக்கணக்கான மாடுகளுள்ள பட்டிக்கு வைக்கோற்போர் எம்மட்டு? அதற்கு நிலம் வேண்டும். அடுத்த பெரும்போகத்துக்கு முன் மேய்ச்சற்றரைக்கு எல்லைக்கல் நாட்டப்படுமா என்று அரசினரை நாம் கேட்கின்றோம்.