கண்ணும் காமிராவும்

வாரத்தில் ஐந்து நாள் வகுப்பறையிலும் நூல்நிலையத்திலும் அடைபட்டுக் கிடக்கும் மாணவன், ஆறாம் நாட் காலையில் ஊர்ப்புறத்துக் குளக்கரையை நாடிச் செல்லுதல் உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே நலந்தருவதாம் என்பதை மறுப்பார் இலர். நம் கல்லூரி மாணவருள் அங்ஙனம் செல்வோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. சனி ஞாயிறுகளில் நயினார்குளத்தின் கரையிலும், கூந்தன்குளத்துக் கருவேல மரங்களின் அருகிலும், கங்கைகொண்டானை அடுத்த வெட்டவெளிகளிலும் இளைஞர் குழுக்களைக் காணலாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காமிராவேனும், காமிராப் பொருந்திய கைப்பேசியேனும் இருக்கின்றது. திங்கட்கிழமை காலையில் நம் விடுதி முழுவதும் பறவைப் படங்களைப் பற்றிய பேச்சே பேச்சாய் இருக்கின்றது. இதைக் கண்டு மகிழ்வோருள் யானும் ஒருவன். ஆயினும், மகிழ்ச்சியினிடையே சொல்லாமல் விடக்கூடாத ஒரு குறையும் உண்டு. அதனை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறை கூறுமுன் குணத்தைக் கூறுதல் முறை. பறவையைத் துப்பாக்கியாற் சுட்டு, தோலை உரித்துப் பஞ்சடைத்து, பெட்டியில் வைத்து ஆராய்வதே ஒரு காலத்திற் பறவைநூற் புலமைக்கு வழியாக இருந்தது. காங்கிரஸ் மகாசபையை நிறுவியோருள் ஒருவராகிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம், தாம் பல்லாண்டுகளாகத் தொகுத்த பல்லாயிரம் பறவைத் தோல்களை 1885-ஆம் ஆண்டிற் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலைக்கு வழங்கினார். அத்தொகுதியால் அறிவு வளர்ந்ததென்பது உண்மையே. ஆனால் அவ்வறிவின் விலை அத்தனை உயிர்கள். இக்காலத்தில் ஒரு நொடியில் எடுத்த ஒரு படம், ஓர் உயிரையும் போக்காமல் அதே சான்றினைத் தந்துவிடுகின்றது. மங்கோலியா நாட்டிற் கழுத்துப் பட்டை இடப்பெற்ற வரித்தலை வாத்துக்கள் இமயத்தைக் கடந்து தென்னிந்திய ஏரிகளில் வந்திறங்கியதை, அப்பட்டையின் எழுத்துக்களைப் படத்திற் படித்தே அன்பர் பலர் அறிந்தனர். துப்பாக்கி இருந்த கையிற் காமிரா வந்தமை நாகரிகத்தின் ஏற்றம் என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் குறை யாது? துப்பாக்கி கையை விட்டு நீங்கியது. வேட்டைக்காரனுடைய உள்ளம் நீங்கவில்லை என்பதே குறை. இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூற விரும்புகின்றேன் அல்லேன். என்மேல் ஏற்றியே கூறுகின்றேன்.

2016-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், யான் மாணவனாக இருந்தபொழுது, நண்பர் ஒருவருடைய காமிராவை இரவல் பெற்றுக்கொண்டு பாளையங்கோட்டைக்கு அணித்தான ஒரு குளத்துக்குச் சென்றேன். நீர் வற்றி ஒரு மூலையில் மட்டுமே தேங்கி நின்றது. வெடித்துக் கிடந்த தரையில், சிறு கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாய் நான்கு முட்டைகள் கிடப்பதைக் கண்டேன். ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் அவை. நண்பருடைய காமிராவில் தொலைவிலுள்ளதை அண்மையிற் காட்டும் நெடிய லென்ஸு இல்லை. ஆகவே பத்தடி தூரத்திலே அமர்ந்துகொண்டேன். பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திற்று, சற்றுத் தள்ளி இறங்கி ஓடிற்று, பின்னும் பறந்தது. இருமுறை நீர்த்தேக்கத்துக்குப் போய், நனைந்த மார்போடு திரும்பி வந்து, முட்டைக்கு மூன்றடி தூரத்தில் நின்று, சிறகை விரித்து அலகைத் திறந்தது. அந்நிலையை யான் படமாக எடுத்தேன். வெயில் ஏறிய பின்னரும் ஒரு மணி நேரம் அவ்விடத்தை விட்டு எழுந்தேன் அல்லேன்.

அப்படம் ஒரு போட்டியிற் பரிசு பெற்றது. அதற்கு யான் இட்ட பெயர் ‘தாயன்பு’ என்பது. பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். அடுத்த சனிக்கிழமை மீண்டும் சென்றபொழுது முட்டைகள் இருந்த குழி வெறுமையாய்க் கிடந்தது. பொரிந்து குஞ்சுகள் நடந்து சென்றனவோ என்று எண்ணி ஆறுதல் கொள்ள முயன்றேன். ஆனால் அருகே கிடந்த ஓட்டிற் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சட் கரு அவ்வாறுதலுக்கு இடங்கொடுக்கவில்லை. காகத்தின் செயலோ, வெயிலின் செயலோ, இரண்டிற்கும் வாயில் திறந்துவிட்டவன் யானே.

பின்னர் ஒரு நூலைப் படித்தபொழுதுதான் உண்மை விளங்கிற்று. கடுங்கோடையில் ஆள்காட்டி தன் வயிற்றிறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்குமாம். படத்தை எடுத்துப் பார்த்தேன். மார்பிறகு நனைந்து திரண்டிருப்பது தெளிவாய்த் தெரிந்தது. அப்பறவை எனக்குக் கோலங்காட்ட வந்ததன்று. வெந்துகொண்டிருந்த தன் முட்டைகளுக்கு நீர் கொண்டு வந்தது. அதனை அமரவிடாமல் தடுத்து, அதன் அச்சத்தைப் படம் பிடித்து, அதற்குத் ‘தாயன்பு’ என்று பெயரிட்டுப் பரிசும் பெற்றேன்! காமிரா கண்டதை என் கண் காணவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்குமிடத்து, பறவைகளின் முட்டைகளைச் சிதைத்தலோடு, முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு விளைத்தலையும் அச்சொல்லின்கண் அடக்கியுள்ளது. துப்பாக்கியைத் தொட்டறியாத யானும் அவ்வளவில் வேட்டைக்காரனே அன்றோ? கூட்டை மறைக்கும் இலையை ஒடிப்பவனும், படம் நன்றாய் விழவேண்டுமென்று உறங்கும் ஆந்தையைக் கல்லெறிந்து எழுப்புபவனும், கொக்குக் கூட்டம் ஒருங்கே பறக்கும் காட்சிக்காகக் கைதட்டி அதனைக் கலைப்பவனும் என்னோடு ஒரே வரிசையில் நிற்பவரே ஆவர்.

ஆகவே என் கருத்து இது: படம் எடுத்தல் பின்னது, பார்த்தல் முன்னது. பார்த்தல் என்பது கண்ணிமைத்துக் கடந்துபோதல் அன்று. ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்து, உயிரொன்று தன் வேலையைத் தன் விருப்பப்படி செய்துமுடிக்கும் அளவும் காத்திருத்தலாம். அங்ஙனம் காத்திருப்பார்க்கு நம் ஊர்க் குளங்கள் காட்டும் காட்சிகள் எத்தனை! முக்குளிப்பான் தன் மிதவைக் கூட்டை விட்டு இறங்குமுன் பாசிகளை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுச் செல்லும். நீண்ட வாலையுடைய இலைக்கோழியில் அடைகாப்பது பெடை அன்று, சேவலே. நத்தைகுத்தி நாரையின் அலகு மூடிய நிலையிலும் நடுவில் இடைவெளி விட்டு நிற்பதும், அது நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் திறமும் கண்டு வியக்கத்தக்கன. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்திற் சிறகடித்து நின்று, நேர் கீழே நீரிற் பாயும். அதன் இனமாகிய வெண்மார்பு மீன்கொத்தியோ கம்பியிலும் கிளையிலும் அமர்ந்திருந்தே இரைதேடும். இவ்வேற்றுமைகளை ஓராயிரம் படங்கள் எடுத்தவனும் அறியாமலிருக்கக்கூடும். ஒரு நாழிகை உற்று நோக்கியவன் அறியாமலிருக்க முடியாது.

குளத்துக்குச் செல்ல இயலாதவர் வருந்தவும் வேண்டுவதில்லை. நம் கல்லூரி வளாகத்து வேலியில் ஏறித் தலையாட்டும் ஓணான் இனப்பெருக்கக் காலத்திற் செந்தலையனாக மாறுவதையும், தூக்கணாங்குருவிச் சேவல் பாதி பின்னிய கூட்டின்மேல் தொங்கிக்கொண்டு பெடையை அழைப்பதையும், பெடை வந்து சோதித்துப் பார்த்து ஏற்பதையோ மறுப்பதையோ செய்வதையும் கட்டணமின்றிக் காணலாம்.

இது மேல்நாட்டாரிடமிருந்து நாம் கடன் வாங்கிய பழக்கம் என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பிழையுடையது. நிலத்தை ஐந்திணையாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் விலங்கும் புள்ளும் இன்னின்ன என்று வகுத்தவர் நம் முன்னோர். தொல்காப்பியத்து மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களையே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதாக எண்ணி, எவ்வெவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என்று ஆராய்கின்றது. நெடுங்காலம் உற்று நோக்காத மக்களிடத்து இத்துணை நுட்பமான சொற்கள் தோன்றியிரா.

அப்பண்பு இன்றும் நம் மாவட்டத்தில் அழிந்துபடவில்லை. கூந்தன்குளத்து ஊரார், தம் வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டினாலும் அதனை விரட்டுவதில்லை. குஞ்சுகள் அஞ்சுமென்று வெடி வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர். பறவை எச்சங் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இடுகின்றனர். அக்குளம் 1994-ஆம் ஆண்டிற் சரணாலயமாயிற்று; ராம்சார் உடன்படிக்கைப்படி உலக மதிப்புப் பெற்ற நீர்நிலைகளுள் ஒன்றாக 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது. அரசாங்கத்தாரின் அறிவிப்புக்கு முன்பே ஊராரின் ஒழுக்கம் அதனைச் சரணாலயமாக்கி இருந்தது. காமிரா இல்லாத அவ்வூர்க் கிழவியரிடம் காமிரா ஏந்திச் செல்லும் நாம் கற்கவேண்டியது மிகுதி.

படமெடுப்போர்க்கும் நல்லதோர் எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே தோன்றியுள்ளது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, ‘பத்மாவதி சரித்திரம்’ இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியிற் பிறந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களாலே பெரும்பெயர் பெற்றார்; எனினும் படத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு முதல் 1996-இல் தாம் மறையும் வரையில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைக் குறிப்புக்களை இடைவிடாது எழுதினார்; தமிழிலும் எழுதினார். அணிலையும் காகத்தையும் பற்றி எழுதுவதை இழிவாக அவர் கருதவில்லை. அவர் படங்கள் இன்றும் மதிக்கப்படுதற்குக் காரணம், ஒவ்வொரு படத்தின் பின்னும் நெடுநாள் நோக்கிய ஒரு கண் இருப்பதே.

“இளைஞரிடம் நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்தால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார், காமிராவன்றோ அவர்களை வெளியே இழுத்து வருகின்றது” என்று ஆசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் தடை நிகழ்த்தினார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. காமிராவை வீட்டில் வைத்துவிட்டு வருக என்று யான் சொல்லவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு வருக; முதல் அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றே சொல்லுகின்றேன். அந்த அரைமணிக்குள் பறவை நம்மை மறந்துவிடும். நாமும் நம்மை மறந்துவிடுவோம். அதன் பின்னர் எடுக்கும் படமே படம்.

மேலும், நாளும் இடமும் தொகையும் குறிக்கப்பெறாத படம் வெறும் அணியே ஆகும். குறிக்கப்பெற்ற படமோ சான்றாகும். 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட அன்பர்கள் பதிவுசெய்த ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புக்களைக் கொண்டு 942 இனங்களின் நிலையை ஆராய்ந்தது. அவ்வன்பருட் பெரும்பாலோர் பட்டம் பெற்ற பறவைநூலார் அல்லர். நம்மைப் போன்று ஓய்வு நாட்களிற் செல்வோரே. 2015-ஆம் ஆண்டு தொடங்கிப் பொங்கல் நாட்களில் நம் மாநிலத்தில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் ஒரு கால் மணி நேரம் நின்று எண்ணத் தெரிந்த எவரும் பங்கு கொள்ளலாம். எந்தக் குளத்தில் எப்பறவை குறைகின்றது என்பதை அறிந்தாலன்றி அக்குளத்தைக் காக்க வழி காணல் இயலாது.

ஆதலின் நம் கல்லூரியார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். முதலாவது, நூல்நிலையத்தில் ‘இயற்கைப் பதிவேடு’ ஒன்று வைத்தல் வேண்டும். எவர் எதனைக் கண்டாலும் நாளும் இடமும் எண்ணிக்கையும் அதில் எழுதுக. இரண்டாவது, கல்லூரியில் நடைபெறும் படப் போட்டிகளிற் கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் அண்மையில் எடுத்த படங்களை ஏற்றல் கூடாது. ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பெற்ற வகையைக் கூறும் ஒரு குறிப்பும் கேட்டு வாங்குக. மூன்றாவது, அரிய பறவை கூடு கட்டிய இடத்தைக் கண்டவர் அதனை ஊரறியப் பரப்பாதிருத்தல் நம் மாணவரிடை ஓர் ஒழுக்கமாக வேண்டும். நூறு அன்பர் ஒருங்கே திரண்டால் அவ்வன்பே அதற்குப் பகையாகும்.

அப்பரிசுப் படத்தை யான் அழித்துவிடவில்லை. அதன் கீழிருந்த பெயரை மட்டும் அடித்துவிட்டேன். புதுப் பெயர் இடவில்லை. நாள், இடம், முட்டை நான்கு, பறவை நனைந்த மார்போடு இருமுறை வந்தது, அமரவில்லை என்று எழுதி வைத்திருக்கின்றேன். பதிவேடு தொடங்குமாயின் அதன் முதற் குறிப்பாக அதனைத் தருவேன். அடுத்த சனிக்கிழமை குளக்கரைக்குச் செல்லும் நண்பர்களே, ஆள்காட்டி உங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்துமாயின், காமிராவை எடாதீர். வந்த வழியே பத்துப் பாகம் பின்வாங்கி நில்லுங்கள். அது இறங்கி நடந்து போய் அமர்வதைக் காண்பீர்கள்.