கூலி இணையத்தில், மானியம் இருட்டில்

விழுப்புரம் மாவட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போன என் அத்தையின் பெயர், சாதிப் பிரிவு, வாங்கிய கூலி எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

திண்டிவனம் பக்கத்து அரசு உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. மானியம் எவ்வளவு, அதில் சம்பளம் வாங்கும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று ஆய்வுக்காகக் கேட்டேன். 'மூன்றாம் தரப்புத் தகவல்' என்று ஒற்றை வரியில் பதில். யாருடைய பணத்துக்கு யாரப்பா மூன்றாம் தரப்பு?

2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளையும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. கணிசமாக அரசு நிதி பெறும் தனியார் அமைப்பும் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நீங்களும் ஒரு மனு போடுங்கள், தோழர்களே. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லைதான் செலவு.