பாட்டும் பகிடியும் சேர்ந்தால் கொலை சின்ன விஷயமாகிவிடுமா?



கொலைக் கதைக்குள் பாட்டு எதற்கு, பகிடி எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். "ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறான், இவங்க ஆடிக்கிட்டு நிக்கிறாங்க" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு நல்ல பதிலாக எனக்குத் தெரிவது, 2004இல் பிபிசி ஒளிபரப்பிய 'பிளக்பூல்' என்ற நாடகம். எழுதியவர் பீட்டர் போக்கர். ஆறே ஆறு அங்கங்கள்.

பிளக்பூல் என்பது இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள உல்லாச நகரம். 1894இல் திறக்கப்பட்ட அதன் உயர்ந்த கோபுரமே பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியதுதான். அந்த ஊரில் ரிப்ளி ஹோல்டன் என்பவன் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் நிறைந்த ஒரு பெரிய விளையாட்டுக் கூடத்தைத் திறக்கிறான். அதை கசினோ ஹோட்டலாக்க வேண்டும், பிளக்பூலை லாஸ் வேகஸ் ஆக்க வேண்டும் என்பது அவன் கனவு. திறப்பு விழா முடிந்த மறுநாள் காலையில் அங்கே ஓர் இளைஞனின் உடல் கிடக்கிறது. விசாரிக்க வருகிறார் கார்லைல் என்ற பொலிஸ் அதிகாரி. வந்தவர் ரிப்ளியின் மனைவி நட்டலியிடம் மனதைப் பறிகொடுக்கிறார். இவர் யாரென்று முதலில் அவளுக்குத் தெரியாது. சந்தேக நபரின் மனைவியை விரும்புகிறவர் அந்தச் சந்தேக நபரையே விசாரித்தால் நீதி எங்கே நிற்கும்? இந்தச் சிக்கலில்தான் கதை சூடு பிடிக்கிறது.

இனிப் பாட்டுக்கு வருவோம். "இது நம்ம தமிழ்ப் படம் போலத்தானே" என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடகரின் குரலை நடிகரின் குரலாகவே நாம் ஏற்றுக்கொள்கிறோம். 'பிளக்பூல்' நாடகத்தில் எல்விஸ் பிரஸ்லி போன்றவர்களின் பழைய இசைத்தட்டு அப்படியே ஓடும். அதற்கு மேலே நடிகரும் தன் சொந்தக் குரலில் கூடப் பாடுவார். இரண்டு குரலும் கேட்கும். ஒன்று உலகப் புகழ் பெற்ற குரல். மற்றது ஒரு சாதாரண மனிதனின் குரல்.

ரிப்ளி என்ற மனிதன் முழுக்க அதற்குள் இருக்கிறான். அவனுடைய கிருதா, அவனுடைய கனவு, அவனுடைய பெருமைப் பேச்சு எல்லாமே இரவல். எல்விஸ் பாட்டோடு சேர்ந்து அவன் ஆடும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அடியில் அவனுடைய சொந்தக் குரல் கேட்கும்போது பாவமாகவும் இருக்கிறது. பொலிஸாரிடம் அவன் சொல்வது எல்லாம் உண்மை அல்ல. மனைவியிடம் சொல்வதும் அப்படித்தான். பாட்டில் மட்டும் அவன் ஆசையும் பயமும் மறைக்க முடியாமல் வெளியே வந்துவிடுகின்றன. ரிப்ளியும் கார்லைலும் மோதிக்கொள்ளும் ஒரு கட்டத்தை நான்சி சினாட்ராவின் பாட்டுக்கு ஆடும் நடனமாக வைத்திருக்கிறார்கள். யார் யாரை மிதிக்கப் போகிறார்கள் என்பது விசாரணை அறையில் ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் அவ்வளவு தெளிவாக விளங்காது.

பாட்டைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 1990இல் அமெரிக்காவின் ஏபிசி 'கொப் ரொக்' என்ற பொலிஸ் நாடகத்தை ஒளிபரப்பியது. நீதிமன்றத்தில் ஜூரிகள் எழுந்து நின்று தேவாலயப் பாடகர் குழு மாதிரித் தீர்ப்பைப் பாடினார்கள். 11 அங்கங்களோடு அது முடிந்தது. கண்ணால் கண்டதையே பாட்டிலும் திரும்பச் சொன்னது அதன் குறை என்று நினைக்கிறேன். 'பிளக்பூல்' நாடகத்தையே 2007இல் சிபிஎஸ் நிறுவனம் 'விவா லொக்லின்' என்று அமெரிக்காவில் எடுத்தது. ஹியூ ஜக்மன் தயாரிப்பாளர்களில் ஒருவர், நடித்தும் இருந்தார். இரண்டே அங்கங்களோடு நிறுத்திவிட்டார்கள். காரணம் எனக்கு இப்படித்தான் படுகிறது: கதை நடப்பது நெவாடா மாநிலத்தில், கசினோக்கள் நிறைந்த ஓர் ஊரில். அங்கே கசினோக் கனவு காண்பதில் என்ன வேடிக்கை? குளிர்காற்று வீசும் ஆங்கிலேயக் கடற்கரையில் ஒருவன் லாஸ் வேகஸைக் கனவு கண்டால்தான் சிரிப்பும் வரும், இரக்கமும் வரும்.

ஆகவே என் பதில்: பாட்டும் பகிடியும் கொலையைச் சின்னதாக்குவதில்லை. மனிதன் போட்டிருக்கும் வேஷத்தைக் கழற்றிக் காட்டப் பயன்பட்டால், அவை கொலைக் கதையை இன்னும் ஆழமாக்கும்.

ஆனாலும் இந்த நாடகத்தோடு எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ரிப்ளியாக நடித்த டேவிட் மொரிஸி அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார். அவன் பொய் சொன்னாலும் நமக்குப் பிடிக்கிறது, ஆத்திரப்பட்டாலும் பிடிக்கிறது. அவன் தப்ப வேண்டும் என்றே மனம் விரும்பத் தொடங்குகிறது. செத்துக் கிடந்த அந்த இளைஞன் என்ன ஆனான்? கதை போகப் போக அவன் ஒரு புதிராகவும், ரிப்ளியின் வியாபாரத்துக்கு வந்த தொல்லையாகவும் மாறிவிடுகிறான். அவனுக்காக அழுதது யார் என்று கேட்டுப் பாருங்கள். இது ரிப்ளியின் குற்றம் மட்டுமல்ல, பார்க்கும் நம்முடைய குற்றமும்தான். நன்றாகச் சிரிக்க வைப்பவன் பக்கம் நாம் மிக இலகுவாகச் சாய்ந்துவிடுகிறோம்.

இது கற்பனைக் கதை, அதனால் யாருக்கும் நட்டமில்லை. உண்மையில் நடந்த ஒரு கொலையின் காணொளிக்குப் பாட்டுப் போட்டு, சிரிப்புப் பொம்மையும் ஒட்டி வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அப்படிச் சொல்ல முடியாது. அங்கே இறந்தவருக்கு ஒரு உம்மா இருக்கிறார், அந்தக் காணொளி அவருடைய ஃபோனுக்கும் போய்ச் சேரும். கலைஞன் பாட்டைப் போட்டால் ஒரு மனிதனை நமக்குக் காட்டுவதற்காகப் போடுகிறான். நாம் போடும் பாட்டு அந்த மனிதனை மறைத்துவிடுகிறது.

இது பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும் நாடகம் அல்ல. கள்ள உறவும் கெட்ட வார்த்தையும் சூதாட்டமும் இருக்கின்றன. பெரியவர்கள் பார்க்கலாம். கொலையாளி யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. பார்த்து முடித்ததும், இறந்த அந்த இளைஞனின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கொமன்டில் எழுதுங்கள்.