எக்ஸ்பின்னு சொன்னா சிரிக்காதீங்க!

கம்ப்யூட்டர் தெரிஞ்ச நம்ம ஆளுங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு மக்களே. யாராச்சும் "விண்டோஸ் எக்ஸ்பில இது ஓட மாட்டேங்குதுங்க, என்ன பண்றது?"ன்னு கேட்டா, "இன்னுமா அதை வச்சிருக்கீங்க? மொதல்ல மாத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கேட்டவர் வாயை மூடிக்குவார். பிரச்சினை அப்படியே கிடக்கும்.

2014 ஏப்ரல் 8-ஓட எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தினது அவருக்கும் தெரியும். ஆனா நம்ம திருப்பூர்ல ஒரு சின்ன எம்ப்ராய்டரி யூனிட்டை நினைச்சுப் பாருங்க. டிசைன் போடுற சாஃப்ட்வேர் அந்தக் காலத்துல காசு கொடுத்து வாங்கினது. பிரிண்டர் போர்ட்ல டாங்கிள் சொருகினாதான் திறக்கும். இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல அந்த போர்ட்டையே காணோம். மெஷின் பாட்டுக்கு நல்லாத்தான் ஓடிட்டு இருக்கு. கம்ப்யூட்டரை மாத்தினா சாஃப்ட்வேரையும் புதுசா வாங்கணும். ஜாப் ஒர்க் கூலியில இது கட்டுபடியாகுமா? அதுவரைக்கும் ஷிப்மென்ட் தேதி காத்திருக்குமா?

எல்லாப் பழசுக்கும் நான் வக்காலத்து வாங்கலை. டேலி 7.2-வுல ஜி.எஸ்.டி. கணக்கு வைக்க வழி கேட்டா, "மாத்தித்தான் ஆகணுங்க"ன்னு சொல்லிடணும். 2017 ஜூலை 1-ல வரியே மாறிப்போச்சு, அந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணும் பாவம்?

வைரஸ் பயம்? நியாயம்தான். 2017 மே மாசம் வான்னாக்ரை வந்தப்ப, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டுச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, தைவான் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலையில அதே வைரஸோட இன்னொரு வடிவம் புகுந்து மெஷின்களை நிறுத்திடுச்சு. அங்க மாட்டினது விண்டோஸ் 7. அதுக்கு அப்ப ஆதரவு இருந்துச்சு, பேட்ச்தான் போடலை. அவங்ககிட்ட இல்லாத காசா!

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவு முடிஞ்சிடுச்சு. டி.பி.எம். 2.0 இல்லாத கம்ப்யூட்டரை விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. சிரிச்சவங்க தங்களோட மெஷினையும் ஒருதரம் பாத்துக்குங்க :-)

அதனால, எம்ப்ராய்டரிக்காரர் கேட்டா மொதல்ல அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் அந்த கம்ப்யூட்டர்ல நெட் கேபிளைக் கழட்டச் சொல்லுங்க. பேங்க், ஜி.எஸ்.டி. வேலையெல்லாம் வேற கம்ப்யூட்டர்ல. பென் டிரைவையும் அங்க ஸ்கேன் பண்ணிட்டுத்தான் இங்க சொருகணும். முக்கியமா, ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொண்ணுல நகல் எடுத்து பீரோவுல வைக்கச் சொல்லுங்க. வைரஸ் வருதோ இல்லையோ, பழைய ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கண்டிப்பா போகும். புதுசு வாங்க எவ்வளவு ஆகும்ங்கிற கணக்கைக் கடைசியா சொல்லுங்க, போதும்.